ரிட்டன் அக்காவும் ஒரு சாம்பல்நிறக் கேரியரும்

அந்தக் கட்டிடத்தில் அவளை ரிட்டன் அக்கா என்றுதான் சொல்வார்கள். பெயர் வைத்தவர் பார்சல்காரர். தினமும் மதியம் மூன்று மணிக்கு மூன்றாவது மாடி ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, "அக்கா, ரிட்டன்!" என்று அவர் போடும் சத்தம் கீழ்வீடு வரைக்கும் கேட்கும். கேட்டவர்கள் அதையே பெயராக்கிவிட்டார்கள். அவர் இவளை அக்கா என்பார், இவள் அவரை அண்ணே என்பாள். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்பது இன்றுவரை தீராத வழக்கு.

இத்தனைக்கும் அவளுக்கு வருகிற ரிட்டன் மற்றவர்களைவிட அதிகம் ஒன்றும் இல்லை. போன் ஆப்பில் குழந்தைச் சாமான் விற்கிற எல்லோருடைய கதையும் இதுதான். பெற்றவர்கள் அவசரத்தில் வாங்குவார்கள், பிள்ளை அதைவிட அவசரமாக வளர்ந்துவிடும், பாதி அளவு சேராமல் திரும்பி வந்துவிடும். இன்னும் சிலர் இருக்கிறார்கள், இரண்டு நாள் வைத்திருந்து வேலை முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள். பிறந்தநாள் போட்டோவுக்குப் போட்ட சட்டை காலரில் கேக்கோடு வரும். காரணம் கேட்கிற இடத்தில் 'அளவு சேரவில்லை' என்று போட்டிருப்பார்கள். கேக்குக்கு மட்டும் எப்படிச் சேர்ந்ததோ.

வீட்டில் இரண்டே அறை. ஒன்றில் அவளும் அவள் புருஷனும் இருந்தார்கள், இன்னொன்றில் கடை இருந்தது. கடை என்றால் போர்டு கிடையாது, கல்லா கிடையாது. மூன்று பக்கமும் இரும்பு ரேக், ஜன்னல் திட்டில் லேபிள் அடிக்கிற சின்ன மிஷின், தரையில் ஒரு எடை பார்க்கும் தட்டு, டேப் சுருள்கள், அவ்வளவுதான். இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்கும் ஜாதி அந்தக் கடை. நாளடைவில் அது கட்டில் கால்மாட்டுக்கும் வந்துவிட்டது. புருஷன் தூக்கத்தில் காலை நீட்டினால் ஏதாவது ஒரு பெட்டி சரியும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். முட்டி தேய்ந்துபோய், கம்பெனியில் பாதி நாள் வேலைதான் கொடுக்கிறார்கள். அவள் ஒரு ஜவுளிக்கடையில் பதினொரு வருஷம் மடிப்பு மேஜையில் நின்றவள். வாடிக்கையாளர் விரித்துப் போட்டுவிட்டுப் போவதையெல்லாம் மறுபடி புதுசு போல மடித்து வைப்பதுதான் வேலை. அந்தக் கடையை இழுத்து மூடியபோது அவளிடம் மிஞ்சியது அந்தக் கைப்பழக்கம் ஒன்றுதான். அவள் மடித்து வைத்த துணியைப் பார்த்து, இதை யாராவது உடுத்தியிருப்பார்கள் என்று நினைக்க முடியாது. இந்தக் கைதான் அவளுக்குச் சோறு போட்டது. இதே கைதான் அவளை மாட்டியும் வைத்தது.

ரிட்டன் வந்தால் செய்ய வேண்டியதற்கு ஒரு முறை உண்டு. முதலில் போனை ஸ்டாண்டில் மாட்டி வீடியோ எடுக்க வேண்டும். லேபிள் தெரிய வேண்டும், டேப்பை வெட்டுவது தெரிய வேண்டும், உள்ளே இருப்பதைத் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும், நடுவில் வீடியோ நிற்கக் கூடாது. ஒருமுறை குழந்தை ஷூவுக்குப் பதிலாகப் பெரியவர்களின் ஒற்றைச் செருப்பு வந்தது. வீடியோ இருந்ததால்தான் ஆப் கம்பெனி அவள் பேச்சைக் கேட்டது. ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

வீடியோ முடிந்ததும் அவளுடைய சொந்தச் சட்டம் ஆரம்பிக்கும். வாயில் வைப்பது குப்பைக்கு, உடம்பில் படுவது தண்ணீருக்கு, மற்றதெல்லாம் நேரே ரேக்குக்கு. பால் பாட்டில், ரப்பர் காம்பு என்றால் எவ்வளவு நஷ்டமானாலும் கையோடு வெட்டி எறிந்துவிடுவாள். துணி என்றால் கையால் துவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டு, மடித்து, புதுக் கவரில் போட்டு, முடி உலர்த்தும் மிஷினால் சூடு காட்டி ஓரத்தை ஒட்டிவிடுவாள். பிறகு அது புதுசு.

"இது தப்பில்லையா?" என்று புருஷன் ஒருநாள் கேட்டார்.

"புதுசுன்னா என்னங்க? யாருமே தொடாததா? தைச்சவன் தொட்டிருக்கான், அடுக்கினவன் தொட்டிருக்கான், லாரியில தூக்கிப் போட்டவன் தொட்டிருக்கான். நான் துவைச்சுக் குடுக்குறேன். உள்ளதைச் சொன்னா, என்னோடதுதான் ரொம்ப சுத்தம்."

அவர் சிரித்துவிட்டார். பேச்சில் அவளை ஜெயிக்க முடியாது. ஆனால் கம்பெனியிடம் அந்தப் பேச்சு எடுபடவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு குழந்தைத் துண்டில் யாருடைய நீளமான தலைமுடியோ ஒட்டிக்கொண்டு போய்விட்டது. வாங்கியவள் போட்டோ எடுத்துப் போட்டு, 'பயன்படுத்திய பொருள் வந்தது' என்று புகார் கொடுத்தாள். ஒரு மாதம் கடையை நிறுத்தி வைத்தார்கள். திறந்தபோது ஒரு எச்சரிக்கையும் சேர்ந்து வந்தது. இனி இப்படி ஒரு புகார் வந்தால் கடை நிரந்தரமாக மூடப்படும், இதே ஆளுக்கு இன்னொரு கடை கிடைக்காது.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். ரிட்டன் அக்கா சேர்ந்தாள். துவைத்து விற்பதை அவள் விடவில்லை, முடி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு பூதக்கண்ணாடி வாங்கினாள். அன்றிலிருந்து போனில் 'டிங்' என்று சத்தம் வந்தாலே அவளுக்கு நெஞ்சு ஒரு தடவை நின்று அடிக்கும். வீட்டு வாடகை அந்தக் கடையிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது.

இப்போது சாம்பல்நிறக் கேரியருக்கு வருவோம். குழந்தையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொள்கிற பேபி கேரியர். இரண்டு தோளிலும் பட்டை, இடுப்பில் ஒரு பெல்ட், பெல்ட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பக்கிள். பிள்ளையின் பாரம் முழுக்க அந்தப் பக்கிளில்தான். மொத்த வியாபாரியிடம் ஒரு டஜன் எடுத்திருந்தாள். நன்றாகப் போனது. ஒரு திங்கட்கிழமை அதில் ஒன்று திரும்பி வந்தது. காரணம்: 'நிறம் பிடிக்கவில்லை'.

வீடியோ எடுத்துப் பிரித்தாள். தோள்பட்டையில் இரண்டு இடத்தில் பால் கறை, துணியில் குழந்தை வாசனை. நிறம் பிடிக்காமலேயே நாலு நாள் தூக்கியிருக்கிறார்கள் என்று வாய்க்குள் முணுமுணுத்தாள். பக்கிளை மூன்று தடவை மாட்டிக் கழற்றினாள். டக், டக், டக். சத்தம் சுத்தமாக இருந்தது. துவைத்தாள், உலர்த்தினாள், மடித்தாள், ரேக்கில் மற்றவற்றோடு அடுக்கினாள். புதன்கிழமை மூன்று சாம்பல்நிறக் கேரியருக்கு ஆர்டர் வந்தது. மூன்றையும் மேலேயிருந்து எடுத்துக் கட்டி, பார்சல்காரர் கையில் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. குழந்தைத் தொப்பிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். டிங்.

செய்தி போட்டது, அந்தக் கேரியரைத் திருப்பி அனுப்பியவள்.

'மேடம், பணம் வந்துடுச்சு, நன்றி. உள்ள ஒரு லெட்டர் வெச்சிருந்தேன், பாத்திருப்பீங்க. அந்த பக்கிள் தானா திறந்துக்குது. சத்தம் சரியாத்தான் வருது, பிள்ளையை வெச்சுக் கொஞ்ச நேரம் ஆனதும் விட்டுடுது. எங்க பிள்ளை மெத்தை மேல விழுந்ததால தப்பிச்சான். காரணம் போடற இடத்துல இதுக்கு ஏத்த மாதிரி எதுவும் இல்ல, அதனால கலர்னு போட்டேன். தயவுசெஞ்சு அதை வேற யாருக்கும் குடுத்துடாதீங்க.'

 லெட்டரா? எந்த லெட்டர்? திங்கட்கிழமை வீடியோவைத் தேடி எடுத்துப் போட்டாள். சின்னத் திரையில் அவளுடைய கைகள் டேப்பை வெட்டின, கேரியரை உதறின. உதறும்போது நாலாக மடித்த ஒரு காகிதம் தரையில் விழுந்தது. ஏதோ விளம்பரத் தாள் என்று நினைத்து அந்தக் கை அதை எடுத்து, பார்க்காமலேயே கசக்கி, பக்கத்துக் குப்பைக் கூடையில் போட்டது. பின்னால் அவளே பாட்டு முணுமுணுப்பதும் கேட்டது. செவ்வாய்க்கிழமை குப்பை வண்டி வந்து போய்விட்டது.

ஓடிப்போய் ரேக்கைப் பார்த்தாள். நாலு சாம்பல்நிறக் கேரியர் மீதி இருந்தன. அவள் துவைத்தது இதில் இருந்துவிட்டால் போதும். ஒவ்வொரு கவராகக் கிழித்து மூக்கில் வைத்தாள். ஃபேக்டரியிலிருந்து வரும் துணிக்கு ஒரு ரப்பர் நெடி இருக்கும், அவள் துவைத்ததில் சோப்பு வாசனைதான் இருக்கும். முதலாவது ரப்பர் நெடி. இரண்டாவதும் அதுதான். மூன்றாவதை முகர்ந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். நாலாவதும் ரப்பர் நெடி.

அப்படியானால் போன மூன்றில் ஒன்று அது. யாரோ ஒருத்தி இந்த நிமிஷம் அதை இடுப்பில் மாட்டி, டக் என்ற சத்தத்தைக் கேட்டு நம்பி, இரண்டு கையையும் விட்டுவிட்டு நிற்கிறாள்.  அக்கா கிழித்த கவர்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வாங்கியவர்களின் போன் நம்பரை ஆப் காட்டாது. செய்தி அனுப்பலாம், அதுவும் ஆப்புக்குள்ளேயே. ஒவ்வொரு செய்தியும் கம்பெனியின் கண்ணில் படும். என்ன எழுதுவது? 'நான் அனுப்பிய மூன்றில் ஒன்று பழசு, பக்கிள் கெட்டது' என்று எழுதினால், அவளே அவள் மேல் புகார் கொடுத்தது மாதிரி. எழுதினாள். அழித்தாள். சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி எழுதினாள், மறுபடி அழித்தாள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். அவளுக்கு வீட்டுக்குள்ளேயே பயம். இப்படியே மதியம் போயிற்று. சாயங்காலம் நாலு மணிக்கு மூன்று பேருக்கும் அவள் அனுப்பியது இதுதான்:

'வணக்கம்! தாங்கள் வாங்கிய பேபி கேரியர் நல்லபடியாக வந்து சேர்ந்ததா? ஏதேனும் குறை இருந்தால் உடனே தெரிவிக்கவும். நன்றி!'

அனுப்பியதும் கொஞ்சம் மூச்சு வந்தது. கேட்டாயிற்று அல்லவா? குறை இருந்தால் சொல்வார்கள். சொன்னால் மாற்றிக் கொடுத்துவிடலாம். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். இப்படித்தான் அவள் தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். விழுகிற வரைக்கும் அந்தப் பக்கிளில் குறையே தெரியாது என்பதை நினைக்காமல் இருக்க அவள் படாத பாடு பட்டாள்.

பத்து நிமிஷத்தில் ஒருத்தி 'சூப்பர்' என்று போட்டாள். இன்னொருத்தியின் பெயருக்குக் கீழே 'பார்த்தார்' என்று வந்தது, பதில் வரவில்லை. மூன்றாவது ஆள் பார்க்கவே இல்லை.

புருஷன் வந்ததும் முகத்தைப் பார்த்தார். "யாருக்கு என்ன?" என்றார். அவளால் மறைக்க முடியவில்லை, எல்லாவற்றையும் கொட்டினாள்.

அவர் சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்து கேட்டார். "பக்கிளை எப்படிச் சோதிச்ச?"

"மாட்டிப் பாத்தேங்க. டக்குனு விழுந்துச்சு."

"வெறும் பக்கிளையா? ஆள் ஏறாத லிஃப்ட்டை ஓட்டிப் பாத்துட்டு நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போடுற மாதிரி இருக்கு. பாரம் வெச்சு இல்ல பாக்கணும்?" என்றவர், அவள் முகம் போன போக்கைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சரி, அவங்களுக்கு என்னனு எழுதின?"

போனை நீட்டினாள். அவர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார். "இதுல பக்கிள் எங்க இருக்கு?"

"சொன்னா கடை போயிடும்ங்க."

 அவர் தன் முட்டியை இரண்டு கையாலும் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். வாடகை நாள் அவருக்கும் தெரியும். பிறகு, "மூணு பேர்ல யாராவது பக்கத்துல இருக்காங்களா?" என்று கேட்டார். ஆப்பில் இருக்கும் லேபிளில் விலாசம் ஏழு நாள் வரைக்கும் தெரியும். இன்னும் செய்தியைப் பார்க்காத அந்த மூன்றாவது ஆள் இதே ஊரில்தான், பஸ்ஸில் அரை மணி நேரம். "அப்ப காலையில நேர்ல போய்ப் பாத்துடு. அதுவா இருந்தா கையோட வாங்கிட்டு வந்துடலாம். எழுத வேண்டியதே இல்ல."

அவரும் பயந்தார் என்பதுதான் உண்மை. இரண்டு பேர் சேர்ந்து பயந்தால் அது யோசனை மாதிரித் தோன்றும். மற்ற இரண்டு வீட்டையும் பற்றி அன்றைக்கு இருவரும் பேசவில்லை.

சனிக்கிழமை காலை ஒரு புதுக் கேரியரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் ஒருத்தி கைக்குழந்தையோடு ஏறினாள். பிரேக் போடும்போதெல்லாம் அக்காவின் கை தானாக அந்தக் குழந்தைப் பக்கம் நீண்டது. அந்தப் பெண் முறைத்துவிட்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

விலாசத்தில் இருந்தது ஒரு மாடி வீடு. மணியை அடித்துவிட்டு, உள்ளே குழந்தைச் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அந்த அமைதியில் என்னென்னவோ தோன்றியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கதவு திறந்தது. நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் நின்றாள்.

"யாருக்கா?"

"கேரியர் அனுப்பின கடைம்மா. குழந்தை...?"

"இன்னும் பொறக்கவே இல்லையே!" என்று வயிற்றைத் தடவிச் சிரித்தாள் அந்தப் பெண். "எங்க வீட்டுக்காரர் எல்லாத்தையும் இப்பவே வாங்கி அடுக்குறார். சைக்கிள் ஒண்ணுதான் பாக்கி."

கேரியரை எடுத்து வந்தாள். பெட்டியே பிரிக்கவில்லை. அக்கா அங்கேயே பிரித்து, கவரைக் கிழித்து, அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முகத்தைப் புதைத்து முகர்ந்தாள். ரப்பர் நெடி. இதுவும் இல்லை. ஒரு வினாடி அப்பாடா என்றிருந்தது. அடுத்த வினாடி, அப்படியானால் அது எங்கோ தொலைவில், கைக்கு எட்டாத ஊரில், பிள்ளை பிறந்த ஒரு வீட்டில் இருக்கிறது என்பது உறைத்தது.  கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்கா, எதாவது பிரச்சினையா?"

"ஒண்ணு மாறிப் போச்சும்மா. உங்களோடது நல்லதுதான்."

"இதுக்காக இவ்ளோ தூரம் வந்தீங்களா? இந்தக் காலத்துல யாருக்கா இப்படிப் பாக்குறாங்க? நான் அஞ்சு ஸ்டார் போடுறேன்."

செருப்பால் அடித்திருந்தால்கூட அக்காவுக்கு அப்படி வலித்திருக்காது. படி இறங்கித் தெருவுக்கு வந்தாள். பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து போனை எடுத்தாள். இந்தத் தடவை அழிக்கவில்லை.

'உங்களுக்கு வந்த பேபி கேரியரை உடனே கழட்டிடுங்க. குழந்தையை அதுல வெக்காதீங்க. நான் ரெண்டு பேருக்கு அனுப்பினதுல ஒண்ணு ஏற்கெனவே ஒருத்தர் உபயோகிச்சுத் திருப்பி அனுப்பினது. நான் துவைச்சுப் புதுசுன்னு வித்துட்டேன். அதோட பக்கிள் தானா திறந்துக்கும். மோந்து பாருங்க. ரப்பர் நெடி வந்தா புதுசு. சோப்பு வாசனை வந்தா அதுதான்.'

இரண்டு பேருக்கும் அனுப்பினாள். மணி பன்னிரண்டு. பஸ்ஸில் வரும்போதே முதல் பதில் வந்தது. 'சூப்பர்' என்று போட்டவள்தான். 'ரப்பர் நெடிதான் வருது. ஆனா இனிமே உங்க கடைப்பக்கம் வர மாட்டேன். கம்ப்ளெய்ன்ட் குடுத்துட்டேன்.' அக்கா அதை ஒரு தடவைதான் படித்தாள். நேற்று வரைக்கும் எந்தப் புகாருக்காகச் செத்துச் செத்துப் பிழைத்தாளோ, அது வந்தேவிட்டது. இப்போது அதை நினைக்க அவளுக்கு நேரமில்லை. மிச்சம் ஒரே ஒருத்தி. அந்தப் பெயருக்குக் கீழே 'பார்த்தார்' என்றுகூட வரவில்லை.

ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று. ஜன்னல் திட்டில் போனை வைத்து அதன் முன்னாலேயே நின்றாள். புருஷன் தட்டில் சாப்பாடு போட்டு வைத்தார், அது ஆறிப்போயிற்று. ஏன் பார்க்கவில்லை? பார்க்க முடியாமல் என்ன ஆயிற்று? எங்கே ஓடிக்கொண்டிருக்கிறாள், யாரைத் தூக்கிக்கொண்டு? மனசு எந்தப் பக்கம் போனாலும் ஆஸ்பத்திரி வாசலில்தான் போய் நின்றது.

மூன்று மணிக்குப் பார்சல்காரர் ஏறி வந்தார். "அக்கா, ரிட்..." என்று ஆரம்பித்தவர், உள்ளே இருந்த முகங்களைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். அப்போதுதான் டிங்.

'சோப்பு வாசனை வருது.'

 அக்கா 'குழந்தை?' என்று மட்டும் அடித்தாள்.

பதில் வர ஒரு யுகம் ஆனது.

'நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு விட்டுடுச்சு. கீழ கிடந்த துணியை எடுக்கக் குனிஞ்சேன். துணி மேலதான் விழுந்தா, ஆனா நெத்தி கட்டில் கால்ல இடிச்சிடுச்சு. டாக்டர் பாத்துட்டு பயப்பட வேணாம்னு சொன்னார். ஒரு நாள் கவனிச்சுப் பாக்கச் சொல்லியிருக்கார். இப்ப விளையாடுறா.'

அக்கா தரையில் உட்கார்ந்தாள். புருஷன் போனை வாங்கிப் படித்துவிட்டு, பார்சல்காரரிடம் தலையை மட்டும் அசைத்தார். பார்சல்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் போகாமல் நின்றார். மறுபடி டிங்.

'நான்தான் சரியா மாட்டலன்னு நெனச்சேன். எங்க மாமியாரும் அப்படித்தான் சொல்றாங்க. நேத்துலேர்ந்து பாப்பாவை என் கையில குடுக்கல. பால் குடுக்க மட்டும் குடுத்துட்டு, பக்கத்துலயே நின்னு வாங்கிக்கறாங்க. ராத்திரி பூரா அழுதேன். டக்குனு சத்தம் கேட்டுச்சேன்னு எத்தனையோ தடவை சொன்னேன், யாரும் நம்பல. கடைசியில எனக்கே நம்பிக்கை போயிடுச்சு.'

அதற்குப் பின்னாலேயே இன்னொன்று.

'நேத்து நாலு மணிக்கு மெசேஜ் பண்ணினீங்களே. அப்பவே ஏன் இதைச் சொல்லல?'

அக்கா அந்தக் கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜவுளிக்கடையில் பதினொரு வருஷம், ஆப்பில் ஆறு வருஷம் வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டியவள். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவள். 'பயந்துட்டேன்' என்று எழுதினாள்.

'எதுக்கு?'

'கடைக்கு.'

 பிறகு வந்தது. 'உங்க நம்பர் குடுங்க. எங்க மாமியார்கிட்ட நீங்களே சொல்லணும்.'

ஆப்பில் நம்பர் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் செய்தியையே தடுத்துவிடும். ஆனால் எண்களை எழுத்தில் எழுதினால் ஆப்புக்குக் கண் தெரியாது என்பது விற்கிற எல்லோருக்கும் தெரிந்த தந்திரம். பத்து எண்ணையும் எழுத்தில் எழுதி அனுப்பினாள். ஒரு நிமிஷத்தில் போன் அடித்தது.

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்," என்றது ஒரு சின்னப் பெண்ணின் குரல். தொண்டை கட்டியிருந்தது. "சொல்லுங்க."

"அம்மா, நான் அந்தக் கேரியர் வித்தவ பேசுறேன்..." அக்காவுக்குக் குரல் எழும்பவில்லை. "அது... அந்த பக்கிள்..."

"என்ன சொல்றாங்க இவங்க? ஒண்ணும் கேக்கல. சத்தமாச் சொல்லச் சொல்லு," என்றது ஒரு வயதான குரல், கொஞ்சம் தள்ளியிருந்து. அதற்குப் பக்கத்தில் ஒரு குழந்தை சிணுங்கியது.

புருஷன் பார்த்துக்கொண்டிருந்தார். பார்சல்காரர் கதவருகில் பார்சலோடு நின்றார். கதவு திறந்தே இருந்தது. மூன்றாவது மாடியில் பேசினால் கீழ்வீடு வரைக்கும் கேட்கும்.

ரிட்டன் அக்கா எழுந்து நின்று, போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு கத்தினாள். "உங்க மருமக மேல தப்பே இல்லம்மா! அந்தப் பொண்ணு சரியாத்தான் மாட்டியிருக்கா! பக்கிள் கெட்டுப்போனது! வேற ஒருத்தர் திருப்பி அனுப்பின பழசை நான் துவைச்சுப் புதுசுன்னு வித்துட்டேன்! நேத்து நாலு மணிக்கே எனக்குத் தெரியும்! தெரிஞ்சும் சொல்லல! தப்பு என்னோடது!"

கீழே எங்கேயோ ஒரு கதவு திறந்தது.  அக்கா வைக்கவும் பயந்து, இன்னொரு வார்த்தை பேசவும் பயந்து அப்படியே நின்றாள்.

பிறகு அந்த வயதான குரல், இவளிடம் இல்லை, வேறு யாரிடமோ, மெல்லச் சொன்னது. "இந்தா, பிடி."

தள்ளி இருந்த சிணுங்கல் போனுக்குப் பக்கத்தில் வந்தது. அந்தச் சின்னப் பெண் அழ ஆரம்பித்தாள், குழந்தை சிணுங்கலை நிறுத்தியது. யாரும் அக்காவுக்கு எதுவும் சொல்லாமலே போன் வைக்கப்பட்டது.